நான் எழுதிய சீக்குப் பட்டியல்

மரம் அறுக்கிற மிசினின் சத்தத்தை நான் போனில்தான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் காலை இடைவேளை. ஆசிரியர் அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது மதினி கூப்பிட்டார்.

“மலரு, கோயில்காட்டுக்கு மிசின் வந்திருச்சு. ஒன் பட்டியலக் கையில வச்சுக்கிட்டுத்தான் வெட்டுறாங்க.”

அதற்குமேல் அவர் சொன்னது காதில் விழவில்லை. பின்னால் அந்தச் சத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பிறகு ஏதோ முறிந்து சாய்ந்தது. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

தலைமையாசிரியரிடம் அரைநாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். “எங்க ஊர்ல ஒரு தப்பு நடக்குதுங்க சார். செஞ்சது நான்,” என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வேலியில் போய் விழுந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்த ஸ்கூட்டி அன்றைக்கு மெக்கானிக் கடையில் கிடந்தது. அவசரத்துக்கு உதவும் என்றுதான் அதை வாங்கினேன். ஒரு அவசரத்துக்கும் அது வீட்டில் இருந்ததில்லை. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

தகரமும் ஆணியும்

எங்கள் ஊர் ஆலங்குடிக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே ஐயனார் கோயில், அதைச் சுற்றிக் காடு. காடு என்றால் யானை புலி எல்லாம் இல்லை. ஒரு நடை சுற்றி வந்தால் முடிந்துவிடும். அதில் நிற்பவை பெரும்பாலும் வீரை மரங்கள். முறுக்கிக்கொண்டு வளரும், சின்ன இலை, கோடாலிக்கு வளையாத கட்டை. ஆனி மாதத்தில் சிவப்பாக வீரம்பழம் பழுக்கும். நாக்கில் வைத்தால் கொஞ்சம் இனிப்பு, மற்றதெல்லாம் கொட்டை.

எம்.எஸ்சி. தாவரவியல் படித்தபோது புராஜெக்ட்டுக்கு அந்தக் காட்டை எடுத்துக்கொண்டேன். வேறெங்கும் போக வீட்டில் விடமாட்டார்கள், அதனால் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொரு வீரை மரம். ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டை ஆணியடித்து நம்பர் போட்டேன். சுற்றளவு எடுத்தேன். இலையைப் பார்த்தேன், கிளையைப் பார்த்தேன், டாக்டர் மாதிரி தட்டிக்கூடப் பார்த்தேன்.

பதினாலு மரம் மெலிந்து கிடந்தது. இலை குறைவு, உச்சிக் கிளைகள் வெறுமை. அவற்றை ‘நோயுற்ற மரங்கள்’ என்று தனியாகப் பட்டியல் போட்டேன். என்ன நோய் என்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ‘காரணம் ஆராயப்பட வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். படித்தவர்கள் தெரியாது என்று சொல்கிற முறை அது.

நல்ல மார்க் வந்தது. கோயில் பூசாரி, “எங்களுக்கும் ஒரு காப்பி எழுதிக் குடும்மா, பொட்டியில இருக்கட்டும்” என்று கேட்டார். ஊரில் ஒருவர் நம் எழுத்தைக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. தமிழில், கோடு போட்டு, ‘சீக்கு மரங்கள்’ என்று தலைப்பிட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வயிற்றுப் பிள்ளையோடு பார்த்தது

ஆனால் அது சீக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு.

கல்யாணமாகி, பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நடந்தால் நல்லது என்று நர்ஸ் சொன்னதால் சாயங்காலம் கோயில்காட்டுப் பக்கம் போவேன். அது ஆனி மாதம். பழம் பழுத்திருந்தது. ஏழாம் நம்பர் மரத்தின் அடியில் குனிய முடியாமல் குனிந்து ஒரு பழத்தை எடுத்தேன். ஏழு என் பட்டியலில் உள்ள மரம். சீக்கு மரம் இப்படிக் காய்க்குமா என்று நிமிர்ந்து பார்த்தேன். கிளை தெரியாமல் சிவப்பு.

அடுத்து ஒன்பது. அதுவும் என் பட்டியல், அதிலும் பழம். பன்னிரண்டு, அதிலும் பழம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காடு முழுக்கச் சுற்றினேன். பட்டியலில் இருந்த பதினாலில் பதிமூன்று மரம் காய்த்திருந்தது. நான் ‘திடமானவை’ என்று எழுதிய இருபத்தேழில் இரண்டே இரண்டு காய்த்திருந்தன. அந்த இரண்டும் ஊருணிக் கரையில், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றவை. பாக்கி எல்லாம் கொழுகொழுவென்று சும்மா நின்றன.

வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாடத்தில் படித்ததுதான். பனையில் உண்டு, பப்பாளியில் உண்டு, வீரையிலும் உண்டு என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். காட்டில் நின்றபோது புத்திக்கு எட்டவில்லை. நான் அளந்த வருடம் அவை காய்க்காத வருடம். முந்தின வருடம் காய்த்துத் தள்ளிவிட்டு, இலை விடக்கூடச் சத்தில்லாமல் ஓய்ந்து நின்றிருக்கின்றன. அதைத்தான் நான் சீக்கு என்று எழுதினேன்.

ஆண் மரம் பூவோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். பெண் மரம் பூத்து, காய் பிடித்து, சதை வைத்து, கொட்டையை வளர்த்து, பழுக்கவைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் சத்து வேறு எங்கிருந்து வரும்? தண்டில் ஏற வேண்டியது காயில் ஏறுகிறது. மழை பொய்த்தால் முதலில் சாவதும் அதுதான். எங்கள் காட்டில் பெண் மரங்கள் ஏன் குறைவு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, விளங்கியது. உடனே பூசாரியிடம் போய் “ஐயா, தப்பா எழுதிட்டேன், அந்தக் காகிதத்தக் குடுங்க” என்று சொன்னேனா? சொல்லவில்லை. வாங்கிய மார்க்கைப் பிடுங்கிவிடுவார்கள் போல ஒரு பயம். பெட்டியில் கிடக்கிற காகிதம் யாரை என்ன செய்யப்போகிறது என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பல வருடம் ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். பூவையும் பார்த்து எது ஆண் எது பெண் என்று உறுதிசெய்துகொண்டேன். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தேன்.

ஐயனாரிடம் கேட்ட கேள்வி

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. மதினியை மறுபடி கூப்பிட்டு விவரம் கேட்டேன். மதினி என்றால் என் அண்ணன் கருப்பையாவின் மனைவி சிந்தாமணி. அண்ணன் பதினெட்டு வருடம் சிங்கப்பூரில் இருந்தார். அதில் நாலு தடவை லீவில் வந்தார். மதினிக்கு நாலு பிள்ளைகள்.

இப்போது அண்ணன் ஊரோடு வந்துவிட்டார், திருப்பணிக் குழுவுக்குத் தலைவர். குடமுழுக்கு வரப்போகிறது. பந்தல் போடவும் கார் நிறுத்தவும் இடம் வேண்டும். ஆனால் ஐயனார் காட்டில் சுள்ளி ஒடிக்கவும் யாருக்கும் கை வராது. அதனால் சாமியிடம் உத்தரவு கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் அதைப் பூக்கட்டிப் பார்ப்பது என்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் ஒரே மாதிரி மடித்து சாமி முன்னால் போட வேண்டும். கேள்வியைச் சத்தமாகக் கேட்டதும் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

நல்ல மரத்தை வெட்டலாமா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பூசாரிக்குப் பெட்டியில் கிடந்த காகிதம் ஞாபகம் வந்திருக்கிறது. “காட்டில் உள்ள சீக்கு மரங்களை அப்புறப்படுத்தலாமா?” என்று கேட்டார்களாம். வெள்ளை வந்துவிட்டது. அண்ணனே சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு போய், என் பட்டியலைப் பார்த்துப் பதினாலு மரத்திலும் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்.

வீட்டில் பப்பாளி முளைத்தால் ஆண் என்று தெரிந்ததும் வெட்டுவோம், காய்க்காது என்பதற்காக. இங்கே காய்த்து இளைத்துப்போனது என்பதற்காகப் பெண்ணை வெட்டுகிறார்கள். வெட்ட நினைப்பவனுக்கு எந்தப் பக்கமும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாதிக் கோபம் என்மேல்தான்.

மிசினுக்கு முன்னால்

போனபோது ஏழாம் நம்பர் கிடந்தது.

அடிமரம் வெட்டிய இடத்தில் ஈரம் இருந்தது. மரத்தூள் சாமி வரைக்கும் பறந்து மண்குதிரையின் முதுகில் மஞ்சளாகப் படிந்திருந்தது. மிசின்காரர் அடுத்து ஒன்பதாம் நம்பரின் அடியில் நின்று மிசினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய் ஒன்பதின் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். காலில் செருப்பு இருந்தது. கோயில்காட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டேன் என்று எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். கழற்றி வெளியே எறிந்தேன்.

அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. என்ன மலரு, ஸ்கூல் இல்லையா என்று சிரித்தபடி கேட்டார். இந்த மரங்களை வெட்டக் கூடாது என்றேன். நீ எழுதிக் கொடுத்ததுதானே என்று சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். மடித்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது.

தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அண்ணன் விடவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நின்ற ஒரு தடித்த மரத்தைக் காட்டினார். அதில் நான் அடித்த தகரத்தைக் காணோம். பட்டை வளர்ந்து ஆணியோடு விழுங்கிவிட்டிருந்தது, ஓர் ஓரம் மட்டும் தெரிந்தது. அப்படியே ஒன்பதாம் நம்பருக்கு வந்தார். அதில் தகரம் முழுதாக இருந்தது, விரலால் தட்டினால் ஆடியது.

“இருபது வருசமா ஒரு தகரத்த விழுங்க மாட்டாத மரம், மரமா? நீ அன்னைக்கு எழுதுனது சரிதான். இன்னைக்கு எதுக்கு மாத்திப் பேசுற?”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்கே அது நல்ல அத்தாட்சியாகப் பட்டது. நான் மாணவியாக இருந்தபோது கிடைத்திருந்தால் என் புராஜெக்ட்டில் சேர்த்திருப்பேன்.

நான் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நம்பரின் அடியில் சருகைக் கையால் ஒதுக்கினேன். கொட்டை. போன ஆனியில் உதிர்ந்தது, அதற்கு முன்னால் உதிர்ந்தது, மண்ணோடு மண்ணாக ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது. அள்ளி அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன். இப்போது அந்தத் தடித்த மரத்தின் அடியில் தேடுங்கள் என்றேன். அண்ணன் குனியவில்லை. பூசாரி குனிந்தார். சருகை ஒதுக்கி, மண்ணைக் கிளறி, மூன்று தடித்த மரங்களின் அடியில் பார்த்தார். எங்கிருந்தோ வந்து விழுந்த ஒன்றிரண்டு தவிர வேறு கொட்டை இல்லை.

“இது பொம்பள மரம். அது ஆம்பள மரம். இது காய்ச்சு எளைச்சிருக்கு, அது காய்க்காம தடிச்சிருக்கு. சீக்கு எதுலயும் இல்ல,” என்றேன்.

மிசின்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் கூடி, சாமியிடம் கேட்டு, தேதி வைத்து நடக்கிற காரியம். தங்கச்சி வந்து மண்ணைக் கிளறினால் நிறுத்த முடியுமா? அப்படியானால் மறுபடியும் பூக்கட்டிப் பார்ப்போம், சாமியே சொல்லட்டும் என்றார். கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஒருவர் அரளிப் பூப் பறிக்கவே நகர்ந்துவிட்டார்.

இரண்டு பொட்டலம். ஒன்று வெள்ளை. இந்த முறையும் வெள்ளை வந்தால் பன்னிரண்டு பெண் மரமும் சாயங்காலத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகு நான் கொட்டையைக் காட்டி என்ன, எதைக் காட்டி என்ன?

“பூக்கட்ட வேணாம்,” என்றேன். “சாமி சரியாத்தான் சொல்லியிருக்கு. சீக்கு மரத்த எடுக்கலாமுன்னு சொல்லியிருக்கு. எது சீக்குன்னு சொன்னது சாமி இல்ல, நான். தப்பாச் சொன்னது நான். என் தப்புக்குச் சாமிய ரெண்டாந்தரம் கூப்புடாதீங்க.”

பூசாரி நிமிர்ந்தார். அவர் கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. ஒரு காரியத்துக்கு இரண்டு தடவை கேட்கும் வழக்கம் இந்தக் கோயிலில் கிடையாது என்றார். உத்தரவு சீக்கு மரத்துக்குத்தான், சீக்கு இருந்தால் காட்டுங்கள், எடுப்போம் என்றார்.

காட்டினேன். முப்பதாம் நம்பர். பட்டியலில் காய்க்காமல் போன பதினாலாவது மரம் அதுதான். அடியில் கறையான் ஏறி, தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. என் பட்டியலில் உண்மையான சீக்கு அது ஒன்றுதான், அது ஆண் மரம். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

முப்பதை எடுத்தார்கள். பந்தலைச் சாலைக்கு அந்தப் பக்கம் களத்தில் போட்டார்கள். குடமுழுக்கு நன்றாகவே நடந்தது. அந்தப் பழைய காகிதத்தின் மேல் குறுக்கே கோடு போட்டு, ‘இது தவறு, எழுதியவளே சொல்கிறேன்’ என்று எழுதி, அதே கையெழுத்தைப் போட்டுப் பெட்டியில் திருப்பி வைத்தேன். ஏழாம் நம்பருக்கு மட்டும் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும்.

மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும்

இத்தோடு முடித்திருக்கலாம். நான் ஜெயித்த கதையாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பெருக்கல் குறிகளை அழிக்கப் போனேன். மதினியும் வந்தார். கையில் மண்ணெண்ணெய் பாட்டில், தேங்காய் நார். இருவரும் ஆளுக்கொரு மரமாகத் தேய்த்தோம். மதினி மெலிந்த உடம்பு. முன்பல் இரண்டு இல்லை. கொஞ்ச நேரம் தேய்ப்பார், மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். ரத்தம் குறைவு என்று டாக்டர் பலமுறை சொல்லியாயிற்று. கொழுகொழுவென்று இருக்கிற அண்ணனும் மதினியும் சேர்ந்து ஒரு விசேஷத்துக்குப் போனால், புருசனைப் பார்த்தாவது உடம்பைத் தேற்றக் கூடாதா என்று மதினியிடம்தான் கேட்பார்கள்.

வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது நான் பேர் சொல்லாமல் மதினியை உதாரணம் காட்டுவதுண்டு. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். அதே பெருமையில் அன்றைக்கும் சொன்னேன், “நீங்களும் இந்த மரம் மாதிரிதான் மதினி” என்று.

மதினி தேய்ப்பதை நிறுத்தினார்.

“என்னைய மரத்தோட சேக்காத மலரு. மரத்துக்கு வாய் இல்ல. நான் ரெண்டோட போதுமுன்னு வாய்விட்டுச் சொன்னேன். ஒங்க அண்ணன்கிட்டச் சொன்னேன், ஒங்க அம்மாகிட்டச் சொன்னேன். நீயும்தான் அடுப்படியில நின்ன.”

நின்றேன். ஞாபகம் இருக்கிறது. நான் பட்டியல் எழுதிய அதே வருடம், அண்ணன் லீவில் வந்திருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மதினி அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், உடம்பு தாங்காது என்று. ரெண்டும் பொட்டப் பிள்ளை, அதற்குள் நிறுத்துவதா என்று அம்மா கேட்டார். அண்ணன் சிரித்தார். நான் துருவிக்கொண்டே இருந்தேன்.

பிற்பாடு என் முறை வந்தபோது ஒன்று போதும் என்றேன். சம்பளம் வாங்குகிறவள் சொன்னால் எடுபடும், எடுபட்டது. எனக்காகப் பேச எனக்கு வாய் இருந்தது. பன்னிரண்டு மரத்துக்காக ஊர் முன்னால் நிற்கவும் முடிந்தது. அடுப்படியில் மட்டும் முடியவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொல்ல? எதுவும் இல்லை.

நாரைக் கீழே போட்டுவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதை அணைத்தேன். மதினியின் உடம்பு இப்படி ஆனது சீக்கு இல்லை, நாம் செய்தது என்றேன். அவர் போதும் என்றார், நாம் கேட்கவில்லை என்றேன். ஊருணிக் கரையில் நிற்கிற இரண்டு பெண் மரமும் காய்க்கத்தான் செய்கின்றன, ஆனாலும் தடித்து நிற்கின்றன, தண்ணீர் கிடைத்ததால் என்றேன். மதினிக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தோமா, ஒரு மாதம் படுக்கவிட்டோமா? நானும் அங்கேதான் நின்றேன், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

அண்ணன் எழுந்து உள்ளே போனார். அன்றையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. விசேஷ வீட்டில் எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டிருந்து நான் கண்டது ஒரு வெட்டுப்பட்ட மரமும் இரண்டு போன பல்லும்தான். மூன்றாவது தடவை மூடுவதாக இல்லை.

வகுப்பில் இப்போது மரத்தைச் சொல்லி மரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை மதினியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். ஊர் எல்லை தாண்டுகிற வரை பேசமாட்டார். தாண்டியதும் பேச ஆரம்பிப்பார். நான் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.